பக்கத்தில் மாடி எழும்பிவிட்டது: கிணற்றடிக்கு எப்படி மறைப்புப் போடலாம்?

நாவற்குடா மகள் | ஜூலை 8

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்பு நாவற்குடாவில், கடற்கரைப் பக்கம். பின் வளவில் கிணறு இருக்கிறது. அம்மா சின்ன வயதிலிருந்து அந்தக் கிணற்றில்தான் குளிக்கிறார். வீட்டுக்குள் குளியலறை கட்டிக் குழாயும் பூட்டியிருக்கிறோம். ஆனாலும் மார்பளவில் குறுக்குக்கட்டுக் கட்டி, கப்பியில் அள்ளி நாலு வாளி தலையில் ஊற்றினால்தான் அவருக்குக் குளித்த மாதிரி இருக்கும்.

பக்கத்து வளவு சின்னம்மாவின் மகளுடையது. நம்முடைய பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண் பிள்ளைக்கு வீடு வளவு கொடுத்துத்தான் கலியாணம் கட்டிவைப்பது. அம்மம்மாவின் ஒரே வளவு அம்மாவுக்கும் சின்னம்மாவுக்குமாகப் பிரிந்தது. சின்னம்மாவின் பங்கு இப்போது தங்கச்சிக்கு. நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி, அதில் போய்வர ஒரு சின்னக் கடப்பு. தங்கச்சியின் கணவர் கட்டாரில் ஏழு வருடம் உழைத்து இந்தப் பங்குனியில் மாடி போட்டார். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் மேலே உள்ள பல்கனி எங்கள் கிணற்றடிக்கு நேரே வந்துவிட்டது.

அவர்கள் பார்ப்பதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அம்மாவுக்கு 67 வயதில் இப்போது விடிய நாலரைக்கே எழும்பி இருட்டில் குளிக்க வேண்டியிருக்கிறது. போன கிழமை கிணற்றடிப் பாசியில் வழுக்கி முழங்கையைக் கிழித்துக்கொண்டார். ஏன் அம்மா வெளிச்சம் வந்தபிறகு குளிக்கக்கூடாது என்று கேட்டால், "பரவாயில்ல புள்ள, கூச்சமா இருக்கு" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலையில் மனம் போகவில்லை.

அண்ணன் உயரமாக மதில் எழுப்பச் சொல்கிறார். எனக்கு விருப்பமில்லை. வேலியில் இருந்து கிணற்றடிக் கல் 20 அடி. பல்கனி வேலிக்கு அந்தப் பக்கம் 10 அடி. நிலம் முழுக்க மணல், உப்புக்காற்று நேரே அடிக்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி மேசன் | ஜூலை 8

தங்கச்சி, நான் 22 வருடமாக மேசன் வேலை செய்கிறேன். மதில் கட்டுங்கள் என்று சொல்வது எனக்குத்தான் இலாபம். ஆனால் உங்கள் இடத்துக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

கடற்கரை மணலில் மதில் என்றால் அத்திவாரத்தில்தான் காசு போகும். எட்டு, பத்து அடிக்கு ஒரு கொங்கிரீட் தூண், தூண்களை இணைத்துக் கீழே ஒரு கொங்கிரீட் பெல்ட், மேலே ஒரு பெல்ட். இதெல்லாம் இல்லாமல் வெறும் புளொக் கல்லை ஏழடிக்கு அடுக்கினால் மாரி மழைக்கு மணல் கரைந்து ஒரு பக்கம் சரியும். அப்படிச் சரிந்த மதில்களைத் திருப்பிக் கட்டப் போயிருக்கிறேன். அடுத்தது, எல்லை மதிலுக்கு மாநகர சபையில் அனுமதி எடுக்க வேண்டும், நினைத்த உயரத்துக்கு எழுப்ப விடமாட்டார்கள்.

ஏழடி மதில் கட்டினாலும் மாடியில் நிற்பவருக்கு உங்கள் கிணறு தெரியும். யாராவது படம் வரையத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஏறாவூர் வாசி | ஜூலை 9

தகரம் அடித்துவிடுங்கள் அக்கா. நாலு தூண், ஆறு தகரம், இரண்டு நாள் வேலை. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், இரண்டு வருடமாக நிற்கிறது.

வாழைச்சேனை கடலோரம் | ஜூலை 9

ஏறாவூர் வாசி, உங்கள் வளவைச் சுற்றி மரமும் வீடும் காற்றை மறிக்கலாம். கடற்கரையில் தகரம் போட்டவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

2 அங்குல மரத்தூணில் 8 அடிக்கு 6 அடி தகர மறைப்பு அடித்தேன். முதல் மாரியில் ஒரு இரவு படபடவென்று சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மூலை ஆணி கழன்று தகரம் ஆடுகிறது. வெளியே போய்ப் பிடிக்கப் பயம், பிடித்தால் கையை அறுத்துவிடும். விடியும்போது அது பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் யாரும் நிற்கவில்லை என்பதற்காக இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்று அந்த அளவுத் தகரத்தை ஏறத்தாழ 90 கிலோ பாரத்தோடு தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நாலு மடங்கு. மறைப்புக்குள் காற்றுப் புகுந்து போக இடம் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள வேலி காற்றை மெதுவாக்கிவிடும். முழுக்க அடைத்தது காற்றை மேலே ஏற்றிப் பின்னால் சுழற்றி அடிக்கும். துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆணித் துளையில் இருந்துதான் தொடங்கும்.

அக்கரைப்பற்று வரைபடம் | ஜூலை 9

மேசன் அண்ணன் கேட்ட கணக்கு இது. நான் வீட்டு வரைபடம் போடும் தொழில் செய்கிறேன்.

மாடித் தளம் 10 அடி, அதில் நிற்பவரின் கண் இன்னும் 5 அடி. ஆக நிலத்தில் இருந்து 15 அடி உயரத்தில் கண். அந்தக் கண் வேலிக்கு 10 அடி அப்பால். வேலிக்கு இங்கால் 20 அடியில் அம்மா நிற்கிறார், தலை 5 அடி உயரம் என்று வைப்போம். கண்ணில் இருந்து தலைக்கு ஒரு கயிறு கட்டினால் 30 அடித் தூரத்தில் அது 10 அடி இறங்கும், அதாவது 3 அடிக்கு 1 அடி.

வேலி எல்லையில் அந்தக் கயிறு 11 அடி 8 அங்குல உயரத்தில் போகும். எல்லையில் மதில் கட்டி மறைக்க வேண்டுமென்றால் அந்த உயரம் வேண்டும். எந்தச் சபையும் அனுமதி தராது, உங்கள் வளவும் சிறைச்சாலை மாதிரி ஆகிவிடும்.

அதே கயிறு அம்மாவுக்கு 3 அடி முன்னால் எந்த உயரத்தில் போகிறது? 6 அடி. அவ்வளவுதான்! மறைப்பை எல்லையில் இருந்து எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தால் பாதி உயரம் போதும், நீளமும் குறையும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே ஒன்றும் நிற்காது.

குளிக்கும்போது ஆள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதனால் 7 அடியாக வையுங்கள். 7 அடி மறைப்பு என்றால் அம்மா அதிலிருந்து 6 அடி பின்னால் போனாலும் தலை மறைந்திருக்கும்.

ஆரையம்பதி - டொரொன்டோ | ஜூலை 10

இங்கே நாங்கள் கடையில் மூங்கில் சுருள் வாங்கி வேலியில் கட்டுகிறோம். ஊரில் கிடைத்தால் அதுவும் நல்லது.

செங்கலடித் தோட்டம் | ஜூலை 10

மூங்கிலை வெட்டிக் கட்டுவதென்றால் ஒரு எச்சரிக்கை. கணுவுக்கு மேலே வெட்டிய குழலில் மழைத்தண்ணீர் தேங்கும், டெங்கு நுளம்பு முட்டையிட அது போதும். கணுவோடு ஒட்டி வெட்டுங்கள், இல்லையென்றால் வாயை மணலாலோ சீமெந்தாலோ அடையுங்கள். மஞ்சள் மூங்கிலை உயிரோடு நடவும் வேண்டாம், சருகு முழுக்கக் கிணற்றுக்குள் விழும்.

உயிர்வேலி பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன் மகள். இன்றைக்கு வயலில் வேலை.

காத்தான்குடி காக்கா | ஜூலை 10

தங்கச்சிக்கு என் சலாம். காத்தான்குடியில் வீட்டுக்கு வீடு கை நீட்டினால் தொடும் தூரம். எங்கள் உம்மா, ராத்தா எல்லோரும் இந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர்கள், அதனால் உங்கள் அம்மாவின் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது இரவு வெளிச்சம். இதைப் பலர் யோசிப்பதில்லை. பச்சை வலையோ ஓலையோ பகலில் மறைக்கும். இருட்டிய பிறகு குளிப்பவருக்குப் பின்னால் மின்குமிழ் எரிந்தால் அவருடைய நிழல் அப்படியே மறைப்பில் விழும், உள்ளே நடப்பது வெளியே படம் மாதிரித் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு ரமழான் இரவில்தான் இதைக் கண்டுபிடித்தோம். ராத்தா அழுதுவிட்டார். குமிழை மறைப்பின் மேலேயே பூட்டி, உள்பக்கம் கீழே பார்க்க வையுங்கள். நிழல் வீட்டுச் சுவர்ப் பக்கம் போய்விடும்.

இரண்டாவது, ஒரு கம்பு நடும் முன் உங்கள் சின்னம்மாவின் மகளிடம் போய்க் கதையுங்கள். வேலை தொடங்கிய பிறகு கதைத்தால் அது விளக்கம் சொல்வதாகிவிடும், முன்னால் கதைத்தால் யோசனை கேட்பதாக இருக்கும்.

நாவற்குடா மகள் | ஜூலை 11

காக்கா, அதுதான் எனக்குப் பயம். "உங்கள் மாடியால் எங்களுக்குக் கஷ்டம்" என்று எப்படிச் சொல்வது? ஏழு வருட உழைப்பு அது. அவர் அங்கே வெயிலில் நின்று அனுப்பிய காசு.

கல்முனை மேல்மாடி | ஜூலை 11

அக்கா, நான் மறுபக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது மாடிவீடு, கீழே பக்கத்து வளவில் வயதான ஒரு மாமி. மாடி கட்டிய முதல் மாதத்திலேயே அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டதைக் கவனித்தோம். எங்களுக்கும் உறுத்தலாக இருந்தது. பல்கனியில் உடுப்புக் காயப்போடப் போனால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஆனால் நாங்களாகப் போய் "மாமி, நாங்க பார்க்கிறதில்ல" என்று சொல்ல முடியுமா? சொன்னால் பார்த்ததாகத்தானே அர்த்தம். இரண்டு வருடம் இரண்டு வீடும் அப்படியே வாய் மூடி இருந்தோம். கடைசியில் என் மனைவி மருதமுனையில் தடித்த கைத்தறித் துணி வாங்கிவந்து பல்கனியின் ஒரு பக்கத்துக்குத் திரை தைத்துப் போட்டார். அடுத்த நாளே மாமி முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டார்.

உங்கள் தங்கச்சியும் நிச்சயம் யோசித்துக்கொண்டுதான் இருப்பார். போய்க் கதையுங்கள்.

பட்டிப்பளை எல்லைக்கல் | ஜூலை 12

எல்லோரும் மறைப்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள். வேலியைத் தொடுவதாக இருந்தால் முதலில் எல்லைக்கல்லைத் தேடுங்கள். கிடுகு வேலியை வருடா வருடம் மாற்றும்போது ஒரு சாண், அரைச் சாண் என்று அங்கும் இங்கும் போகும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி மற்றவர் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல், தனக்கே உரியது என்று ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். காணி உறுதியில் உள்ள நில அளவைப் படத்தை எடுத்து இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு தடவை பார்ப்பது நல்லது. தகராறு வந்தால் வழக்குக்கு ஓடாமல் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, காசு செலவில்லை.

நாவற்குடா மகள் | ஜூலை 12

நன்றி ஐயா. படத்தை எடுத்து வைக்கிறேன். ஆனால் சின்னம்மாவின் மகளிடம் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகமாட்டேன். வரைபடத் தம்பியின் கணக்குப்படி வேலியைத் தொடவே தேவையில்லைப் போல் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

செங்கலடித் தோட்டம் | ஜூலை 13

மகள், வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கிணற்றடி மறைப்பு ஒன்று, எல்லை வேலி இன்னொன்று. இரண்டையும் குழப்ப வேண்டாம். கிணற்றடிக்குக் கிடுகு. எல்லைக்கு உயிர்வேலி, அதுவும் அவசரமில்லாமல்.

இப்போது கச்சான் காற்றுக் காலம். மேற்கில் மலையில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் அனலாகத்தான் வரும். இந்தக் காற்றில் நடும் எதுவும் காயும். ஐப்பசியில் முதல் மழை விழட்டும், அதற்குப் பிறகு நடுங்கள். நமக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரைக்கும்தான், வேலிக்கு நடும் கொம்பான கதியால் வேர்விட அந்த மூன்று மாதம் போதும்.

சீமைக்கிளுவைக் கதியால் வெட்டுங்கள், கிளிசரியா என்றும் சொல்வார்கள். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த பெருந்தோட்டப் பயிராக அரசாங்கமே ஏற்றுக்கொண்ட மரம். மணிக்கட்டுப் பருமன், ஆறடி நீளம், பச்சைத் தோலாக இல்லாமல் சாம்பல் நிறம் ஏறிய முற்றிய கொம்பு. தலைப்பக்கத்தைச் சரிவாக வெட்டுங்கள், மழைத்தண்ணீர் நின்று அழுகாது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நட்டு மண்ணை மிதித்து இறுக்குங்கள். சுத்தியலால் தலையில் அடித்து இறக்க வேண்டாம், தோல் வெடித்தால் கதியால் பட்டுவிடும். ஒரு அடிக்கு ஒன்று நடலாம். இலை ஆட்டுக்குத் தீன், தென்னைக்குப் பசளை.

இதில் ஒரு குறை உண்டு. வெட்டாமல் விட்டால் கோடையில் இலை முழுவதும் கொட்டிப் பூக்கும், பார்க்க அழகுதான், ஆனால் மறைப்பு இருக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதடவை கொப்பு வெட்டிக்கொண்டே இருந்தால் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இடையிடையே செவ்வரத்தை, ஆடாதோடை, பூவரசு வையுங்கள். பூவரசு உப்புக்காற்றைத் தாங்கும். கிணற்றில் இருந்து பத்தடிக்குள் எந்த மரமும் வேண்டாம்.

எனக்கு 1978 சூறாவளி நினைவிருக்கிறது. நவம்பர் 23 இரவு. விடிந்து பார்த்தபோது தென்னைகள் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. எங்கள் மாமாவின் புதுமதில் முழு நீளத்துக்கும் படுத்துவிட்டது. பக்கத்தில் கிளுவை வேலி ஒரு இலை இல்லாமல், வளைந்து நின்றது. தையில் அது திரும்பத் துளிர்த்தது. அன்றிலிருந்து நான் மதில் கட்டவேயில்லை.

கல்லடி மேசன் | ஜூலை 13

ஐயா சொன்னது முழுக்க உண்மை. மறைப்புக்கான தூணைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

2 அங்குல பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) எடுங்கள். ஒன்பதரை அடி, அதில் இரண்டரை அடி மண்ணுக்குள். குழிக்குள் சீமெந்து, மணல், கல் ஒன்றுக்கு இரண்டு நாலு கலவை. கொங்கிரீட்டை நில மட்டத்துக்கு மேலே இரண்டு அங்குலம் உயர்த்திச் சரிவாகப் பூசுங்கள், தண்ணீர் தூணின் அடியில் நிற்கக்கூடாது. துரு அங்கேதான் பிடிக்கும். தூணின் மேல்வாயை மூடி ஒட்டிவிடுங்கள், மழை உள்ளே இறங்கினால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. ஒட்டிய இடங்களை உரசித் துடைத்து துருவைத் தடுக்கும் அன்டி கொரோசிவ் இரண்டு பூச்சு.

மரத்தூண் போடுபவர்களுக்கு: அடிக்குக் கழிவு ஒயில் பூசுவது நம் வழக்கம். கிணற்றடியில் அதைச் செய்யவே கூடாது. மணலில் எண்ணெய் நேரே தண்ணீருக்கு இறங்கும். அடியைக் கருக்கி நடுங்கள்.

ஏறாவூர் வாசி | ஜூலை 14

வாழைச்சேனை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எங்கள் தகரங்களைப் போய்ப் பார்த்தேன். இரண்டு ஆணி கையால் கழன்றது. மாரிக்கு முன் கழற்றிவிடுகிறேன். நன்றி.

நாவற்குடா மகள் | ஆகஸ்ட் 2

தங்கச்சியிடம் போனேன். நடந்ததை எழுதுகிறேன்.

பின்னேரம் கடப்பால் போய் அவளுடைய குசினி வாசலில் இருந்தேன். தேத்தண்ணி தந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அம்மா விழுந்ததைச் சொன்னேன். "ஏன் பெரியம்மா இருட்டில குளிக்கிறா?" என்று கேட்டாள். நான் மேலே பார்த்தேன். அவளும் மேலே பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. "நான் பல்கனியில காலையில நிக்கிறதே இல்ல அக்கா, பெரியம்மா குளிக்கிற நேரம் என்று கதவைப் பூட்டி வைக்கிறன்" என்றாள். கல்முனைத் தம்பி எழுதியது அப்படியே! ஐந்து மாதமாக அவள் ஒரு பக்கம் கதவைப் பூட்டியிருக்கிறாள், அம்மா ஒரு பக்கம் இருட்டில் குளித்திருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் அவளே பல்கனியில் ஏறி நின்றாள். நான் நீளத் தும்புத்தடியின் நுனியில் சிவப்புத் துணி கட்டிக் கிணற்றடியில் பிடித்தேன். அம்மா துவைக்கிற கல்லில் நின்றார். "இன்னும் உசத்துங்க... இன்னும்... சரி, பெரியம்மாட தலை தெரியல" என்றாள். அண்ணன் அளந்தார். ஆறடி ஒரு அங்குலம். வரைபடத் தம்பி, உங்கள் கணக்குக்கும் இதற்கும் ஒரு அங்குலம்தான் வித்தியாசம். அண்ணன் அளவுநாடாவை மடித்துப் பையில் போட்டார், அதற்குப் பிறகு மதில் என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை.

அக்கரைப்பற்று வரைபடம் | ஆகஸ்ட் 2

மிகவும் சந்தோஷம் அக்கா. ஆனாலும் 7 அடியை விடாதீர்கள். கல்லில் நிற்கும்போது ஒரு கணக்கு, கப்பியில் இழுத்துப் பின்னால் சாயும்போது வேறு. இன்னொன்று, தங்கச்சியின் பக்கம் மட்டும் மறைத்தால் போதுமா? ஒழுங்கைப் பாதையால் போகிறவர்களுக்குத் தெரியாதா?

நாவற்குடா மகள் | ஆகஸ்ட் 3

ஒழுங்கைப் பக்கம் கொஞ்சம் தெரியும். அதனால் 'ட' எழுத்து மாதிரி மடித்துப் போட யோசிக்கிறோம். மாடிப் பக்கம் பத்தடி, ஒழுங்கைப் பக்கம் ஐந்தடி. வீட்டுப் பக்கமும் தெற்கும் திறந்திருக்கும்.

காத்தான்குடி காக்கா | ஆகஸ்ட் 3

திறந்து விடுவது நல்லது. வயதானவர் குளிக்கும் இடத்தை நாலு பக்கமும் அடைத்தால், விழுந்தால் யாருக்கும் தெரியாது. குசினி யன்னலில் இருந்து சத்தம் கேட்க வேண்டும்.

செங்கலடித் தோட்டம் | செப்டெம்பர் 20

மகள், கிடுகுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், மழைக்கு முன் எல்லோரும் தேடுவார்கள். ஓலையை நன்றாக ஊறவைத்துப் பின்னியதா என்று கேளுங்கள். ஊறாத ஓலையில் பின்னிய கிடுகு காய்ந்ததும் சுருண்டு இடைவெளி விடும். கட்டும்போது நிலத்தில் முட்டவிடாமல் ஆறு அங்குலம் உயர்த்துங்கள், கறையான் ஏறாது, குளித்த தண்ணீரும் ஓடும். ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி அடுக்குங்கள். தும்புக் கயிற்றால் கட்டுங்கள், கட்டுக்கம்பி உப்புக்காற்றில் ஒரு வருடத்தில் அறும்.

நாவற்குடா மகள் | ஒக்டோபர் 11

வேலை முடிந்தது. மேசன் அண்ணன் சொன்ன அளவில் ஐந்து தூண். குறுக்கே நாலு வரிக் கம்பி. கிடுகு ஆரையம்பதியில் எடுத்தோம். அண்ணனும் தங்கச்சியின் மூத்த மகனும் இரண்டு நாளில் கட்டி முடித்தார்கள். குமிழ் காக்கா சொன்னபடி மறைப்பின் மேலே, உள்ளே பார்க்க. இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டுத் தங்கச்சியை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிழலும் தெரியவில்லை என்றாள்.

கிணற்றடிப் பாசியைத் தென்னந்தும்பால் உரசிக் கழுவி, அம்மா நிற்கும் இடத்தில் சொரசொரப்பான சீமெந்துப் பூச்சுப் போட்டோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மறைப்பின் வெளிப்பக்கம் ஏதாவது கொடி ஏற்றலாமா?

செங்கலடித் தோட்டம் | ஒக்டோபர் 11

கொடித்தோடை (பஷன் புருட்) வேண்டாம், பாரம் கூடி முதல் காற்றில் இழுத்துவிடும். பசளிக்கொடி ஏற்றுங்கள். குளித்த தண்ணீரே அதற்குப் போதும், கறிக்கும் ஆகும். சவர்க்காரத் தண்ணீர் மட்டும் அடியில் நேரே விழாமல் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

நாவற்குடா மகள் | ஜனவரி 18

மாரி முடிந்துவரும் நேரத்தில் எழுதுகிறேன். மார்கழிக் காற்றில் மேல்வரிசைக் கிடுகு இரண்டு பறந்தது. தூண் அசையவில்லை. அடுத்த நாள் அரை மணி நேரத்தில் புதிதாக இரண்டு கட்டிவிட்டோம். தகரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாழைச்சேனை அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

எல்லையில் நட்ட 32 கதியாலில் 27 துளிர்த்துவிட்டது. கடப்பு இருந்த இடத்தில் நடவில்லை, அது அப்படியே இருக்கிறது. தங்கச்சி பல்கனியின் எங்கள் பக்கத்தில் பன்புல்லில் இழைத்த ஒரு பாயைத் தட்டி மாதிரிக் கட்டியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். இப்போது காலையில் கதவைத் திறந்து அங்கே இருந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள், சத்தம் கேட்கும்.

அம்மா ஏழு மணிக்குக் குளிக்கிறார். இன்று காலையில் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாளி கிணற்றுக்கட்டில் முட்டும் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், பிறகு அம்மா மறைப்புக்குள் இருந்து மேலே பார்த்து, "மகள், இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்கிறார். மேலே இருந்து பதில் வருகிறது. முகம் தெரியாமல் இரண்டு பேரும் கீரைக்கறி வரைக்கும் கதைத்து முடித்தார்கள்.

பட்ட ஐந்து கதியாலுக்குப் பதில் இப்போது நடலாமா ஐயா, அல்லது அடுத்த மாரி வரை பொறுக்கவா?

செங்கலடித் தோட்டம் | ஜனவரி 18

இன்னும் மண்ணில் ஈரம் இருக்கிறது மகள். இந்தக் கிழமைக்குள் நட்டு, பங்குனி வரை இரண்டு நாளுக்கு ஒருதடவை ஒரு வாளி ஊற்றுங்கள். கதியால் எங்கள் வேலியில் வெட்டித் தருகிறேன். சனிக்கிழமை அண்ணனை அனுப்புங்கள், வரும்போது அந்தப் பசளியில் ஒரு பிடி தண்டு கொண்டுவரட்டும், என் கிணற்றடிக்கும் ஏற்ற வேண்டும்.